வலியே இல்லை என்று சொன்ன வார்டு

அலறுகிற நோயாளியைக் கவனிக்க உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவளே உங்களைக் கூப்பிட்டுக்கொள்வாள். நான் சொல்லப்போவது சிரித்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பற்றி. அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் புதிதாகப் போகிறீர்கள். போவதற்கு முன் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கடலூரில் அரசுச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. என்னோடு வேலை பார்த்த மயக்க மருத்துவர் ஒருவர், "ஊர் ஊரா போயி ட்ரெயினிங் குடுப்போம் சிஸ்டர், நீங்க வாங்க" என்றார். ஆபரேஷன் முடிந்தவர்களின் வலியை எப்படிக் கேட்பது, பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்லி எப்படி அளப்பது, எந்த மருந்தை எப்போது கொடுப்பது என்பதுதான் பயிற்சி. காலையில் வகுப்பு. மதியம் அந்த மருத்துவமனையின் வார்டுக்கே போய், கட்டில் கட்டிலாக நின்று செய்துகாட்டுவோம்.

அப்படித்தான் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி, வெள்ளாற்றுப் பாலம் தாண்டியபோது நல்ல வெயில். வகுப்பு ஒழுங்காக முடிந்தது. மதியச் சாப்பாட்டோடு மயக்க மருத்துவருக்குக் கடலூரிலிருந்து அவசர அழைப்பு வந்து அவர் கிளம்பிவிட்டார். அவர் இல்லாமல், வகுப்பிலிருந்த இளம் செவிலியர்களோடு நான் வார்டுக்குப் போனேன்.

என்னை அழைத்துப்போனவர் கஸ்தூரி, அங்கே தலைமைச் செவிலியர். நாற்பது வயதிருக்கும். வேலையில் கெட்டி. தன் வார்டைப் பற்றி அவருக்கு நிறையப் பெருமை.

"எங்க லேடீஸ் வார்டுல வலின்னு யாரும் சொல்றதே இல்ல மேடம். எப்ப கேட்டாலும் ஸ்கோர் ஜீரோதான். மத்த எடத்துல எல்லாம் ஒரே கத்தலா இருக்கும். இங்க பாருங்க, எவ்ளோ அமைதியா இருக்குன்னு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். எனக்கு முதலில் என்ன வித்தியாசம் என்று பிடிபடவில்லை. பிறகுதான் புரிந்தது, மின்விசிறியின் சத்தத்தைத் தவிர அங்கே வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆனால் உங்களுக்கும் தெரிந்துவிடும், ஆபரேஷன் வார்டுக்கு என்று ஒரு சத்தம் உண்டு. யாராவது முனகுவார்கள். யாராவது புரண்டு படுக்கும்போது "அய்யோ அம்மா" என்பார்கள். ஒருத்தி இருமுவாள், இருமியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திட்டுவாள். அங்கே எதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மல்லாந்து படுத்திருந்தார்கள். சாப்பிட்ட பின் கண் அசரும் நேரம் அது. ஒருத்திகூடத் தூங்கவில்லை. எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

என் கையில் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன.

முதல் கட்டிலில் இருந்தவருக்குக் கருப்பை எடுத்திருந்தது. "வலி எப்பிடி இருக்கும்மா?" என்று கேட்டேன்.

"வலியே இல்லம்மா."

அடுத்தவருக்குப் பித்தப்பை. "வலியே இல்லம்மா." அதற்கடுத்தவர், "வலியே இல்லம்மா." யோசித்துப் பாருங்கள். வலி குறைந்தவர்கள் எத்தனை விதமாகச் சொல்வார்கள்? பரவாயில்லை என்பார்கள், ஊசி போட்டதும் கேட்டது என்பார்கள், உட்காரும்போது மட்டும் சுருக்கென்கிறது என்பார்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே வார்த்தை. யாரோ பாடம் சொல்லிக் கொடுத்து ஒப்பிக்க வைத்ததுபோல.

என்னோடு வந்த இளம் செவிலியர்கள் ஒவ்வொரு கட்டிலிலும் பூஜ்ஜியம் குறித்துக்கொண்டே வந்தார்கள். நான் தலையணைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். உறையின் ஒரு மூலை ஈரமாக இருந்தது. அடுத்த கட்டிலிலும் அப்படியே. துணி நைந்து, அதில் பல் பதிந்த தடம் இருந்தது. அதற்கடுத்த கட்டிலில் இருந்த பெண் நான் பார்ப்பதைக் கண்டு, அந்த மூலையைத் தோளுக்கடியில் தள்ளி மறைத்துக்கொண்டாள். சிரிப்பு மட்டும் மாறவில்லை.

வார்டில் ஒரே ஒரு கட்டில் காலியாக இருந்தது. செவிலியர் மேஜைக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், நல்ல வெளிச்சம் விழும் இடத்தில். வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. அதற்கு அடுத்த கட்டில்காரி குறுக்கே ஒரு துண்டைத் தொங்கவிட்டுத் தன் பக்கத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். ஃபிளாஸ்க்கோடு போன உறவுக்காரப் பெண் ஒருத்தி, நேராகப் போகாமல், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கட்டிலைச் சுற்றிப் போனாள்.

"அது எதுக்குக் காலியா இருக்கு?" என்று கஸ்தூரியிடம் கேட்டேன்.

"அதுவா? டேபிள் பெட்டுன்னு சொல்லுவோம் மேடம். யாராவது சீரியஸா இருந்தா எங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும்னு அங்க மாத்துவோம். மத்த நேரத்துல காலிதான்."

சரியான ஏற்பாடு. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

கடைசி வரிசையில் அஞ்சலாட்சி இருந்தாள். புவனகிரிப் பக்கம், சாயங்காலம் போண்டா பஜ்ஜி போட்டு விற்பவள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். குடலிறக்கம் அடைத்துக்கொண்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்திருந்தார்கள். அது முடிந்து சில நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் அவள் தங்கை முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள்.

"வலி எப்பிடி இருக்கு அஞ்சலாட்சி?"

"வலியே இல்லம்மா."

"ஒரு தடவ இருமு, பாப்பம்."

இருமினாள். தொண்டையில் மட்டும் "கெக்" என்று ஒரு சத்தம். வயிறு அசையவே இல்லை. இருமலை நடித்துக் காட்டிய நோயாளியை நான் அதுவரை பார்த்ததில்லை. மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. நாடியைப் பிடித்தேன். ஓடிவந்து நின்றவளின் நாடிபோல அடித்தது. வயிற்றில் கையை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. மெல்ல அழுத்தினேன். அவள் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. தற்செயலாகக் கால் பக்கம் பார்த்தேன். பத்து விரல்களும் உள்ளங்காலை நோக்கி மடங்கி, வெளுத்துப்போய், விரிப்பைக் கவ்விப் பிடித்திருந்தன.

நான் கையை எடுத்தேன். விரல்கள் விரிந்தன. மறுபடி வைத்தேன். மடங்கின. முகத்தில் அதே சிரிப்பு.

"கஸ்தூரி, இந்தம்மாவ உடனே அந்த டேபிள் பெட்டுக்கு மாத்துங்க" என்றேன்.

வார்டு முழுக்க ஒரு மூச்சு உள்ளே இழுபட்டதுபோல இருந்தது. அஞ்சலாட்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது.

"வேணாம்மா. எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பாருங்க."

சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். நான் பிடிப்பதற்குள் காலைத் தரையில் ஊன்றி நின்றுவிட்டாள். நின்றவள் நடந்தாள். ஒரு கை கட்டில் கம்பியில், மறு கையில் குளுக்கோஸ் குழாய். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வியர்வை கழுத்தில் வழிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா நடக்கறேன் பாருங்க. வலியே இல்லம்மா."

இளம் செவிலியர் ஒருத்தி கைதட்டக்கூடப் போனாள். எதிர்க் கட்டிலில் இருந்த வயதான அம்மாள்தான் கையெடுத்துக் கும்பிட்டார். "அவள உட்டுடுங்கம்மா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு அவளுக்கு."

எதற்காக விட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அஞ்சலாட்சியைப் படுக்க வைத்துவிட்டு, தங்கையை வராந்தாவுக்கு அழைத்துப்போனேன்.

"இன்னா நடக்குது இங்க? உள்ளத சொல்லு" என்றேன்.

முத்துலட்சுமி கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அந்தக் கட்டில்ல போட்டா திரும்பி வர மாட்டாங்கம்மா. வலிக்குதுன்னு யாரு சொன்னாலும் அங்க தூக்கிப் போட்டுட்றாங்க. அப்பறம் ஒரு ஊசி போடறாங்க. அந்த ஊசி போட்டா தூங்கிடுவாங்க. அவ்ளோதான்."

"யாரு சொன்னது உனக்கு?"

"அக்காவ சேத்த அன்னிக்கே பக்கத்துக் கட்டில்ல இருந்தவங்க சொன்னாங்க. அவுங்க டிஸ்சார்ஜ் ஆயிப் போயிட்டாங்க. அவுங்களுக்கு அதுக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்களாம். நாங்களே கண்ணால பாத்தோம்மா. இந்த வாரம் ஒரு அம்மா வலிக்குது வலிக்குதுன்னு அழுதாங்க. அங்க மாத்துனாங்க, ஊசி போட்டாங்க, போயிட்டாங்க. அக்கா வூட்டுக்காரரு வெளிய டீக்கடையாண்ட நிக்கறாரு, அவுரக் கேளுங்க."

அவள் பார்த்தது பொய் இல்லை. உயிர் போகும் நிலையில் இருப்பவர்களைத்தான் அங்கே மாற்றினார்கள். பலமான வலி ஊசியை அந்த வார்டில் அவர்களுக்கு மட்டும்தான் போட்டார்கள். அவர்களில் பலர் இறந்தார்கள். கட்டிலில் படுத்திருக்கும் ஒருத்தியின் கண்ணுக்கு அது எந்த வரிசையில் தெரியும்? வலி என்கிறாள், மாற்றுகிறார்கள், ஊசி போடுகிறார்கள், சாகிறாள். செவிலியர்கள் வந்து போவார்கள், டாக்டர்கள் மாறுவார்கள். நோயாளியிடமிருந்து நோயாளிக்கு அந்தச் செய்தி மட்டும் இடம் மாறாமல் அங்கேயே இருந்திருக்கிறது. அந்த வார்டின் அமைதி முழுக்க அதனால் வந்தது.

திரும்ப உள்ளே போனேன். இப்போது அந்தக் காலிக் கட்டிலைப் பார்க்கும்போது எனக்கும் என்னவோ செய்தது. வெறும் இரும்புக் கட்டில்தான். இருந்தாலும் அதைத் தாண்டும்போது என் புடவையை நானும் ஒதுக்கிக்கொண்டேன்.

அஞ்சலாட்சியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். "ஒன்ன எங்கயும் மாத்தல. இந்தக் கட்டில்லயே இரு. என்னா பண்ணாலும் இங்கயே வெச்சிப் பண்ணுவோம். சத்தியம்" என்று கையில் அடித்துச் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது.

வலிக்கிறதா என்று நான் மறுபடி கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நேத்து ராத்திரி எந்தப் பக்கம் படுத்து தூங்கின?" என்று கேட்டேன்.

"தூங்கலம்மா."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சா எரியுது."

"எங்க எரியுது?"

அவள் கண் அந்த ஜன்னலோரத்துக்குப் போய் வந்தது. என் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். அந்தக் கட்டிலுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல மூச்சுக்காற்றில் சொன்னாள். "உள்ள கொதிக்கற எண்ணெய ஊத்தன மாதிரி இருக்கும்மா. நேத்திலேருந்து. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

பக்கத்தில் குனிந்து நின்ற கஸ்தூரியும் அதைக் கேட்டார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

அறுவை மருத்துவர் வேறொரு கட்டிடத்தில் வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பிடித்தேன். உள்ளே தைத்த இடம் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, உடனே வந்து பார்க்க வேண்டும் என்றேன்.

"காலையில நான் பாத்தேன் மேடம். சிரிச்சி பேசறாங்க. வலி இல்லங்கறாங்க. நடக்கறாங்கன்னு இப்பதான் வார்டு நர்ஸ் ஒருத்தங்க போன்ல சொன்னாங்க. ஈவினிங் ரவுண்ட்ஸ்ல பாக்கறேன். நீங்க ட்ரெயினிங் குடுக்க வந்திருக்கீங்க, அத முடிங்க."

அந்த இடத்தில் நான் விருந்தாளி. எனக்கு அங்கே ஒரு மாத்திரை கொடுக்கும் அதிகாரம்கூடக் கிடையாது. நான் சொல்வது தப்பாகப் போனால், இனி அந்த வாசலை மிதிக்க முடியாது. அது பரவாயில்லை. ஆனால் கஸ்தூரி அங்கேயே வேலை பார்க்க வேண்டியவர். இதை யோசித்துக்கொண்டு நான் போனைப் பிடித்தபடி நின்றபோது, கஸ்தூரி அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"சார், நான் கஸ்தூரி. பல்ஸ் ரொம்ப ஜாஸ்தியா ஓடுது சார். வயிறு கல்லாட்டம் இருக்கு. அந்தம்மா ஜீரோன்னு சொன்னது பொய் சார். இங்க எல்லாரும் சொன்னது பொய். நான் கூப்புடறேன் சார், வாங்க."

டாக்டர் வந்தார். கோபமாகத்தான் வந்தார். ஆனால் கட்டிலருகே வந்து அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. கையை வயிற்றில் வைத்து அழுத்தி, சட்டென்று எடுத்தார்.

அஞ்சலாட்சி கத்தினாள்.

அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது ஒன்றாக வந்தது. நீளமாக, மூச்சு முடியும் வரைக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது நின்றதும் ஒரு நொடி வார்டில் பழைய நிசப்தம். அப்புறம் எதிர்க் கட்டில் அம்மாள் "ம்ம்ம்" என்று முனகினார். அவருக்கு அடுத்தவள் இருமி, இருமியதும் "அய்யோ" என்று அழுதாள். பித்தப்பைக்காரி தலையணை மூலையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, கொஞ்ச நேரத்தில் வார்டு முழுவதும் முனகியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் விட்டத்தைப் பார்த்தபடி முனகினார்கள். இளம் செவிலியர்களில் ஒருத்தி பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. இனியும் கேட்க வேண்டாம்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "தியேட்டர் ரெடி பண்ணச் சொல்லுங்க" என்றார் கஸ்தூரியிடம்.

"சார், அதுக்கு முன்னாடி வலிக்கு ஊசி" என்றேன்.

"குடுத்தா சிம்ப்டம் மறைஞ்சிடும் மேடம்."

"நீங்கதான் பாத்துட்டீங்களே சார். இனிமே மறைய இன்னா இருக்கு?"

அவர் மருந்தை எழுதினார். உங்களில் பலருக்கும் இந்தப் பயம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பதற்காக யாரையும் வலியில் போட்டு வைக்காதீர்கள். நாடியும் வயிறும் சொல்வதை அளவான ஊசி அழித்துவிடாது.

ஊசியைக் கண்டதும் அஞ்சலாட்சி கையை இழுத்துக்கொண்டாள். அந்த ஊசிதானே அது. "போட்டா போயிடுவன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கஸ்தூரி கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை ஏற்றினார்.

"பேசிகினே இரு. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன்.

"நான் இன்னும் இருக்கனா சிஸ்டர்?"

"இருக்க."

"இப்ப?"

"இருக்க."

"முத்து, நான் இருக்கனா பாரு."

தங்கை அழுதுகொண்டே, "இருக்கக்கா, இருக்க" என்றாள். அப்படியே அவள் கேட்க, நாங்கள் சொல்ல, அவள் கால்விரல்கள் ஒவ்வொன்றாக விரிப்பை விட்டன. "கொறையுதும்மா" என்றாள் ஆச்சரியமாக. அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. வார்டில் யாரும் கண் கொட்டவில்லை.

தைத்த இடம் விட்டுத்தான் இருந்தது. மறுபடி திறந்து, கழுவி, சரிசெய்தார்கள். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்தாள். ஒரு கட்டத்தில் எங்களுக்கே நம்பிக்கை போய்விட்டது. பிறகு மெல்ல மீண்டு வார்டுக்கு வந்தாள்.

அந்த நாட்களில் நான் அடிக்கடி சிதம்பரம் போனேன். பயிற்சியை முதலிலிருந்து மாற்றி நடத்தினோம். எண் கேட்பதற்கு முன்னால், இருமச் சொல்லுங்கள், புரளச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள் என்று சொன்னோம். பலமான ஊசி தேவைப்படுகிற யாருக்கும், அவரவர் கட்டிலிலேயே, மற்றவர்கள் பார்க்கப் போடுங்கள் என்றோம். செவிலியர்கள் செய்தார்கள். ஆனால் அந்தக் கட்டிலை என்ன செய்வது என்று தெரியவில்லை. தூக்கி எறியலாம் என்றார் ஒருவர். தூக்கினால், இன்னொரு கட்டிலின் மேல் அந்தப் பேர் போய் உட்காரும் என்றார் கஸ்தூரி. அது சரியென்றே எனக்கும் பட்டது.

வீட்டுக்குப் போகும் நாளன்று அஞ்சலாட்சியைப் பார்க்கப் போயிருந்தேன். தன் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "புதுசா வர்றவங்ககிட்ட நீயே சொல்லேன், வலிச்சா சொல்லுங்க, ஒண்ணும் ஆவாதுன்னு" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அந்தக் கட்டிலுக்குப் போமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். அதனாலதான் பொழச்சேன். எல்லார்கிட்டயும் அதான் சொல்லியிருக்கேன்."

அந்தப் பயத்துக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அதுவும், அவளை அங்கே மாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்த என் கையாலேயே.

என்ன செய்வதென்று தெரியாமல், நேரே போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். விரிப்பு சில்லென்று இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வார்டு முழுவதும் தெரிந்தது. எல்லாப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். துக்கவீட்டில் கூடத்தில் கிடத்தியிருப்பவரை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"நீங்க ஆபரேஷன் பண்ணிக்கலியே, ஒங்கள அது இன்னா பண்ணும்?" என்றார் ஒரு கட்டிலில் இருந்து ஒரு பெண். யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து வந்தேன்.

அப்போது கஸ்தூரி வந்து அஞ்சலாட்சியின் பக்கத்தில் நின்றார். வாதம் எதுவும் செய்யவில்லை. கடைசி வரிசையைக் காட்டினார். அங்கே முந்தின நாள் குடல்வால் ஆபரேஷன் ஆன ஒரு பெண் படுத்திருந்தாள். கல்லூரிப் பெண். தலையணை உறையின் மூலை அவள் வாய்க்குள் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அதை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"அந்தச் சிரிப்பு ஒனக்குத் தெரியும் இல்ல?" என்றார் கஸ்தூரி.

அஞ்சலாட்சி அந்தப் பெண்ணையே வெகுநேரம் பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்தாள். எழுந்து, தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாக நடந்தாள். முத்துலட்சுமி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அக்கா, வேணாக்கா. வண்டி வந்திருச்சி, வா, போயிடலாம்."

"உடுடீ."

அந்தக் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். விரிப்பை ஒருமுறை தொட்டாள், சுடுகிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்து, காலை நீட்டிப் படுத்தேவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சிஸ்டர்" என்றாள் அஞ்சலாட்சி. பஜ்ஜிக் கடையில் கூவி விற்கிற குரல் அது. வார்டின் கடைசி வரைக்கும் கேட்டது. "எனக்கு வலிக்குது. தையல் போட்ட எடத்துல இழுக்குது. வலிக்குது சிஸ்டர்."

கஸ்தூரி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். அஞ்சலாட்சி தலையைத் தூக்கி விழுங்கினாள். மறுபடி படுத்தாள். யாரும் அசையவில்லை. அவளும் அசையவில்லை. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நடுவில் ஒரு தடவை அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நானே உற்றுப் பார்த்தேன்.

பிறகு கண்ணைத் திறந்தாள். எழுந்து, புடவையைச் சரிசெய்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். தங்கையின் தோளைப் பிடித்தபடி, ஒவ்வொரு கட்டிலாகக் கடந்து, திரும்பிப் பார்க்காமல் கதவைத் தாண்டி வெளியே போனாள். வெளியே ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

கடைசி வரிசையிலிருந்து அந்தக் கல்லூரிப் பெண் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"அக்கா," என்றாள் கஸ்தூரியிடம், குரல் உடைந்து, "எனக்கும்."